ரவிக்கையில் கிராமபோன் நாய்

பனாமா நாட்டின் கரீபியன் கரையோரத் தீவுகளில் வாழும் குனா பழங்குடிப் பெண்களின் ரவிக்கையில் முன்புறம் ஒன்றும் முதுகில் ஒன்றுமாகச் செவ்வகத் துணிகள் வைத்துத் தைக்கப்பட்டிருக்கும். அதற்கு மோலா என்று பெயர். இரண்டு மூன்று நிறப் பருத்தித் துணிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவார்கள். மேல் துணியை உருவத்தின் கோட்டோடு வெட்டி, வெட்டிய ஓரத்தை ஊசி முனையால் உள்ளே மடித்து, கண்ணுக்குச் சிக்காத பொடித் தையலால் பிடித்துவிடுவார்கள். மேலே சிவப்பு இருந்தால் இடுக்கில் கறுப்பும் ஆரஞ்சும் எட்டிப் பார்க்கும். நம் ஒட்டுத் துணி வேலையில் உருவத்தை வெட்டி மேலே வைத்துத் தைப்போம். குனாப் பெண்கள் செய்வது நேர்மாறு: மேலே இருப்பதை வெட்டி நீக்கிக் கீழே இருப்பதைக் காட்டுகிறார்கள். நல்ல மோலாவில் விரல் வைக்கவும் வெற்றிடம் கிடையாது.

பழங்குடிக் கலை என்றால் பறவை, ஆமை, நண்டு, செடிகொடி இருக்கும் என்று நினைத்து அருங்காட்சியகத்துக்குப் போகிறவர் அவற்றையெல்லாம் பார்க்கலாம்தான். கூடவே தேர்தல் சுவரொட்டி, குத்துச்சண்டை வீரர், விண்வெளி ராக்கெட், தீப்பெட்டிப் படம், கிராமபோன் குழாய்க்கு முன்னால் தலை சாய்த்து உட்கார்ந்திருக்கும் நாய் ஆகியவையும் இருக்கும். எச்.எம்.வி. இசைத்தட்டில் நம் தாத்தாக்கள் பார்த்த அதே நாய்தான். அமெரிக்காவில் அது ஆர்.சி.ஏ. விக்டர் நிறுவனத்தின் சின்னம். குனாப் பெண்ணுக்கு நாய் பிடித்திருந்தது, ரவிக்கையில் ஏற்றிக்கொண்டாள். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

நாட்டார் உடையையும் வெகுசனப் பண்பாட்டையும் கலந்து குறும்பாக ஆடை வடிப்பதை ஃபேஷன் உலகம் தன் கண்டுபிடிப்பாகச் சொல்லிக்கொள்கிறது. வடிவமைப்பாளர் ஒருவர் கிராமத்துப் பூத்தையலையும் கார்ட்டூன் பாத்திரத்தையும் ஒரே சட்டையில் சேர்த்தால் துணிச்சல் என்று எழுதுகிறார்கள். இந்தக் கலவை பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு கட்சி. ஒன்று, மரபு கெட்டுவிட்டது என்று புலம்புவது. மற்றொன்று, மரபுக்கு உயிர் கொடுத்துவிட்டார்கள் என்று கைதட்டுவது. இரண்டு கட்சிக்கும் அடியில் இருப்பது ஒரே எண்ணம்: மரபு என்பது அசையாமல் கிடந்தது, வெளியிலிருந்து ஒருவர் வந்து அசைத்தார் என்பது. அது உண்மையல்ல. முதலில் விளையாடியவர்கள் அதை உடுத்தியவர்கள்தான். வடிவமைப்பாளர்கள் பிந்தி வந்தவர்கள். வந்தவர்களில் சிலர் ஆட்டத்தின் விதியைக் கற்றுக்கொண்டு சேர்ந்து ஆடினார்கள். சிலர் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

மோலாவே தொல்பழங்காலத்துச் சொத்து அல்ல. உடம்பில் வண்ணம் தீட்டும் வழக்கத்திலிருந்து அது துணிக்கு ஏறியது. வணிகர்கள் கொண்டுவந்த ஆலைத் துணியும் கத்தரியும் ஊசியும் இல்லாமல் அது பிறந்திருக்காது. ஆனால் 1925இல் பனாமா அரசின் காவலர்கள் குனாப் பெண்களின் உடையையும் மூக்கணியையும் விலக்கச் சொல்லி நெருக்கியபோது, அந்தத் தீவுகள் கிளர்ந்து எழுந்தன. கடையில் வாங்கிய துணியில் கிராமபோன் நாயைத் தைப்பதும், அதே ரவிக்கைக்காக ஆயுதம் எடுப்பதும் அவர்களுக்கு ஒன்றுக்கொன்று முரணாகப் படவில்லை. இதைப் புரிந்துகொண்டால் மற்ற கதைகளும் பிடிபடும்.

மேற்கு ஆப்பிரிக்காவின் மெழுகு அச்சுத் துணியை எடுத்துக்கொள்வோம். இன்று ஆப்பிரிக்க உடை என்றதும் கண்ணில் நிற்கும் அந்தப் பளீர் நிறத் துணியின் பூர்வீகம் ஜாவா. கையால் மெழுகு தீட்டிச் சாயத்தில் முக்கும் ஜாவாவின் பாடிக்கை, எந்திரத்தில் மலிவாகச் செய்து அங்கேயே விற்க நினைத்தார்கள் நெதர்லாந்துக்காரர்கள். ஹெல்மண்ட் நகரில் 1846இல் தொடங்கிய வ்லிஸ்கோ அப்படிப்பட்ட ஆலைகளில் ஒன்று. எந்திரத்தில் பூசிய பிசின் ஆங்காங்கே வெடித்து, வெடிப்புக்குள் சாயம் இறங்கி, நரம்பு நரம்பாகக் கோடு விழுந்தது. ஜாவாவில் அதைக் குறை என்று தள்ளினார்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அதே துணி இன்றைய கானாவின் கரையில் இறங்கியபோது அந்தக் கோடுகளே பிடித்துப்போயின. ஒரு கஜம் போல் இன்னொரு கஜம் இல்லை என்பது அங்கே பெருமை.

ஆலை அச்சிட்டது படத்தை மட்டும்தான். படத்துக்குப் பொருள் தந்தது சந்தை. டோகோவின் தலைநகர் லோமேயில் துணி மொத்த வியாபாரம் செய்த பெண்கள் மெர்சிடிஸ் பென்ஸ் காரில் வந்து இறங்குவார்கள். அதனால் அவர்களுக்கு நானா பென்ஸ் என்றே பெயர் விழுந்தது. எந்த அச்சு ஓடும், எது ஓடாது என்பதை நெதர்லாந்துக்குச் சொல்லி அனுப்பியவர்கள் இவர்கள். துணிக்குப் பெயர் சூட்டியதும் சந்தைப் பெண்களே. திறந்த கூண்டும் பறந்து போகும் பறவையும் உள்ள அச்சுக்கு ‘நீ வெளியே போனால் நானும் போவேன்’ என்று பெயர். ஊர் சுற்றும் கணவன் முன்னால் மனைவி இதைக் கட்டிக்கொண்டு நடந்தால் வேறு பேச்சே வேண்டாம். மின்விசிறி, கைப்பேசி, குதிகால் செருப்பு எல்லாமே அச்சில் வந்தன. கைப்பை போட்ட அச்சு ஒன்று ‘மிஷேல் ஒபாமாவின் கைப்பை’ என்று விலை போனது. இதைவிடக் குறும்பான வெகுசனக் கலையை எந்த வடிவமைப்புப் பள்ளி செய்துவிட முடியும்?

இந்தக் கதையை நையாண்டியாகத் திருப்பிப் போட்டவர் நைஜீரிய வேர் கொண்ட லண்டன் கலைஞர் யின்கா ஷோனிபாரே. பிரிக்ஸ்டன் சந்தையில் வாங்கிய இந்த அச்சுத் துணியில் விக்டோரியா காலத்துப் பிரபுக்களின் கோட்டும் கவுனும் தைத்து, தலையில்லாத பொம்மைகளுக்கு மாட்டினார். எது ஆப்பிரிக்கம், எது ஐரோப்பியம் என்று பிரிக்க முயன்றால் நூல்தான் சிக்கும்.

இந்த விளையாட்டில் தமிழ்நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. நைஜர் ஆற்று முகத்துவாரத் தீவுகளில் வாழும் கலபாரி மக்கள், சென்னைக் கட்டம் போட்ட கைத்தறித் துணியைத் தலைமுறை தலைமுறையாக வாங்கி உடுத்தி வருகிறார்கள். நம் பக்கத்துத் தறிகளில் நெய்த இந்தத் துணி மெட்ராஸ் கைக்குட்டை என்ற பெயரில் கப்பலேறியது. நாம் லுங்கி என்று பார்க்கும் கட்டத்தை அவர்கள் தங்கள் குலப் பெருமையாகப் பார்க்கிறார்கள். வாங்கியதை அப்படியே உடுத்துவதோடு நிற்பதில்லை. கலபாரிப் பெண் துணியை மடிமேல் விரித்து, கட்டத்துக்குள் ஓடும் வெளிர் நிற நூலை ஊசியால் நெம்பி, பிளேடால் நறுக்கி, ஒவ்வொன்றாக உருவுவாள். எந்த நூலை விடுவது, எதை எடுப்பது என்பதில்தான் வடிவம் இருக்கிறது. வேலை முடியும்போது துணி சல்லடைபோல் மென்மையாகி, நெய்தவர் நினைத்தே பார்க்காத புதுக் கோலம் அதில் தெரியும். ஒவ்வொரு கோலத்துக்கும் தனிப்பெயர். பண்டிகையிலும் சடங்கிலும் உடுத்துவது இதைத்தான். தமிழ் நெசவாளி நூலைக் கோத்து முடித்த இடத்தில் கலபாரிப் பெண் நூலைக் கழற்றத் தொடங்குகிறாள்.

அதே மெட்ராஸ் கட்டத்தை 1960 வாக்கில் அமெரிக்கக் கடைகள் வேறு விதமாக விளையாடிப் பார்த்தன. துவைத்தால் சாயம் போகும் துணி அது. சாயம் போவதையே சிறப்பாகச் சொல்லி, ஒவ்வொரு சலவையிலும் புதுத் துணி கிடைக்கும் என்ற தோரணையில் கல்லூரி இளைஞர்களிடம் விற்றார்கள். மார்ட்டினிக், குவாடலூப் தீவுகளிலோ அந்தக் கட்டம் பெண்களின் மரபுடையாகவே நிலைத்துவிட்டது.

வடிவமைப்பாளர்கள் பக்கம் வந்தால், எல்சா ஸ்கியாபரெல்லியிடமிருந்து தொடங்குவதுதான் நியாயம். 1927இல் பாரிஸில் அவருக்குப் பேர் வாங்கித் தந்தது ஒரு கறுப்பு ஸ்வெட்டர். கழுத்தில் வெள்ளை நாடா முடிச்சுக் கட்டியதுபோல் தெரியும். தொட்டுப் பார்த்தால் முடிச்சு இல்லை, பின்னலிலேயே வரைந்தது. அந்த ஏமாற்று சாத்தியமானது பாரிஸில் குடியேறியிருந்த ஆர்மீனியப் பெண்களின் இரட்டை இழைப் பின்னலால். பிற்பாடு அவர் தன்னைப் பற்றி வந்த செய்தித்தாள் நறுக்குகளையே துணியில் அச்சிட்டார். கோபன்ஹேகன் மீன் சந்தைப் பெண்கள் செய்தித்தாளை மடித்துத் தொப்பியாகப் போட்டிருந்ததைப் பார்த்து வந்த யோசனை என்று அவரே சொல்லியிருக்கிறார். மீன்காரியின் தொப்பி ஒரு பருவத்துக்குள் சீமாட்டியின் கழுத்துத் துணியாகிவிட்டது. ஸ்கியாபரெல்லியின் பெயர் வரலாற்றில் நின்றது. பின்னிக் கொடுத்த ஆர்மீனியப் பெண்கள் அவர் கதையில் ஒரு வரியாகச் சுருங்கினார்கள்.

இந்த வகையில் என்னைக் கேட்டால் மற்ற எல்லோரையும்விட நன்றாக ஆடியவர்கள் ஜப்பானியர்கள். இஸ்ஸே மியாகே 1970களின் தொடக்கத்தில் உடலோடு ஒட்டும் ஆடை ஒன்று செய்தார். ஜப்பானியப் பச்சை குத்தும் கலையின் அடர்த்தியான கோடுகளில், டிராகனும் அலையும் இருக்க வேண்டிய இடத்தில், அப்போதுதான் மறைந்திருந்த ராக் பாடகர்கள் ஜிமி ஹெண்ட்ரிக்ஸும் ஜானிஸ் ஜாப்ளினும் இருந்தார்கள். ஜப்பானில் பச்சை குத்திய உடம்பு என்றால் கூலிக்காரரும் தாதாவும் நினைவுக்கு வருவார்கள். அந்த இழிபெயரோடு சேர்த்தே அவர் அதை மேடையேற்றினார்.

1944இல் யோகோஹாமாவில் பிறந்த கன்சாய் யமமோத்தோவுக்கு அடக்கம் என்பதே ஆகாது. ஜென், மூங்கில், சாம்பல் நிறம் என்று மேற்கு உலகம் பூஜை செய்யும் ஜப்பான் ஒன்று உண்டு. கன்சாய் பிடித்துக்கொண்டது மற்ற ஜப்பானை: பட்டத்தில் முறைக்கும் சேவகன் முகம், கபூகி நடிகரின் வண்ணப் பூச்சு, திருவிழாக் கூச்சல். 1971இல் லண்டனில் ஃபேஷன் காட்சி நடத்தினார். ஜப்பானிய வடிவமைப்பாளர் ஒருவர் அங்கே நடத்திய முதல் காட்சி அது. பிறகு பாடகர் டேவிட் போவியின் 1973 இசைப் பயணத்துக்கு உடைகள் செய்தார். கால் இரண்டும் வில்லாய் வளைந்து நிற்கும் கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட வினைல் உடை இன்றும் நகல் எடுக்கப்படுகிறது.

அந்த மேடையில் நடந்த ஒரு வித்தை முக்கியம். கபூகியில் ஓர் உடைமாற்ற உத்தி உண்டு. மேலுடையை உள்ளுடையோடு தளர்ந்த நூலால் ஓட்டுத் தையல் போட்டிருப்பார்கள். நடிகர் வசனம் பேசிக்கொண்டிருக்கும்போதே பின்னால் நிற்கும் உதவியாளர் நூல்களை ஒவ்வொன்றாக உருவி வைப்பார். உரிய நொடியில் ஒரே இழுப்பு. மேலுடை கழன்று விழ, வேறு நிறத்தில் வேறு ஆளாக நடிகர் நிற்பார். போவியின் மேலங்கியும் இப்படித்தான் மேடையில் இழுத்து எறியப்பட்டது. கன்சாய் கபூகியிலிருந்து படத்தை மட்டும் எடுத்து அச்சிட்டிருந்தால் அது சுற்றுலாக் கடைச் சட்டையாக முடிந்திருக்கும். அவர் தையலை எடுத்தார், அந்த நேரக் கணக்கை எடுத்தார். தோல் வேறு, நரம்பு வேறு. குறும்பு நிலைக்கிறதா, மறுநாளே சலிக்கிறதா என்பதை இந்த வித்தியாசம்தான் முடிவு செய்கிறது.

நெதர்லாந்தின் வடிவமைப்பாளர் ஜோடி விக்டர் அண்ட் ரால்ஃப் 2007இல் செய்ததும் அந்த வகை. மாடல் ஒவ்வொருவரும் தனக்கான விளக்கையும் ஒலிபெருக்கியையும் தோளில் மாட்டிய இரும்புச் சட்டத்தில் தானே சுமந்துகொண்டு, மரக்கட்டைச் செருப்பில் குதிகால் வைத்து நடந்தார்கள். உடைகளில் டச்சுக் கிராமத்துச் சாயல். தன் பாட்டியின் உடையைத் தானே கேலி செய்வதில் ஒரு வசதி இருக்கிறது: அடிக்க வருகிறவர்கள் வீட்டுக்காரர்கள் மட்டும்தான்.

இந்தியாவில் இந்த வழிக்கு ஒரே பெயர் சொல்லவேண்டுமென்றால் மனீஷ் அரோரா. டெல்லியின் நிஃப்ட் ஃபேஷன் கல்லூரியில் 1994இல் படிப்பை முடித்து, 1997இல் சொந்தப் பெயரில் தொழில் தொடங்கி, 2005இல் லண்டனிலும் 2007இல் பாரிஸிலும் காட்சி வைத்தார்; 2011இல் பாக்கோ ரபான் நிறுவனத்தின் படைப்பு இயக்குநராகவும் அமர்ந்தார். காலண்டர் சாமிகள், பாலிவுட் பதாகை, ராட்டினம், அட்டைப் பொம்மை என்று நம் தெருவில் கண் கூசவைக்கும் எல்லாம் ரோஜா நிறத்திலும் பொன் நிறத்திலும் அவர் உடையில் ஏறும். நல்ல ரசனை என்று நகரத்து மேட்டுக்குடி எதைச் சொல்லிக்கொடுத்ததோ அதை வேண்டுமென்றே மிதித்தார். அதுவே அவரது பெரிய சேவை என்பேன். காதி வெள்ளையும் மங்கிய மஞ்சளும்தான் இந்திய நாகரிகம் என்று கைவினைக் கண்காட்சிகள் நம்மை நம்பவைத்திருந்த காலம் அது.

ஆனாலும் அவர் வேலையில் ஒரு போதாமை எனக்கு உறுத்துகிறது. வட இந்திய ஜரிகைப் பூத்தையல்காரர்களின் கை இல்லாவிட்டால் அந்த மினுமினுப்பு இல்லை. நட்சத்திரம் என்று ஒளி விழுவதோ உடையில் இருக்கும் பெயர்ச்சீட்டின் மேல். இது அவர் ஒருவரின் குறையல்ல, தொழிலின் அமைப்பே அப்படி. ஸ்கியாபரெல்லி காலத்திலிருந்து அது மாறவே இல்லை.

மாறாததன் விளைவு அவ்வப்போது வெடிக்கிறது. ருமேனியாவின் பிகோர் பகுதியில் ஆட்டுத்தோல் மேலங்கியில் பூத்தையல் போடும் மரபு உண்டு. டியோர் நிறுவனம் 2017இல் வெளியிட்ட ஒரு மேலங்கி கிட்டத்தட்ட அதே உடை. ஊரின் பெயர் எங்கும் இல்லை. ருமேனியப் பத்திரிகை ஒன்று இதற்கு வழக்குப் போடவில்லை. ‘பிகோர் கூத்தூர்’ என்று பாரிஸ் பாணியிலேயே ஒரு விற்பனைத் தளம் தொடங்கி, அசல் கைவினைஞர்களை மாடல்களாக நிறுத்தி, டியோரைக் கிண்டலடித்து விளம்பரம் செய்து, நேரடியாக உடையை விற்றது. இந்தத் தலைப்பில் நான் அறிந்த நல்ல நகைச்சுவை இதுதான், அது கிராமத்தின் பக்கத்திலிருந்து வந்தது. ஃபிரெஞ்சு வடிவமைப்பாளர் இசபெல் மரான் 2015இல் மெக்சிகோவின் ஓஹாகா மாநிலத்துப் பழங்குடிக் கிராமத்தின் ரவிக்கையை ஒத்ததை விற்றபோதும் கண்டனம் எழுந்தது. 2019இல் நைக்கி நிறுவனம் போர்ட்டோ ரிக்கோவைப் போற்றுவதாகச் சொல்லிக் கொண்டுவரவிருந்த காலணியில் இருந்தது குனாக்களின் மோலா. தீவையும் மக்களையும் ஒருசேரக் குழப்பிய வேலை. எதிர்ப்பு வந்ததும் வெளியீட்டை ரத்து செய்தார்கள்.

குனாக்கள் வெறும் கோபத்தோடு நிற்கவில்லை. கையில் சட்டம் இருந்தது. பழங்குடிகளின் கூட்டு அறிவுடைமையைக் காக்க பனாமா 2000ஆம் ஆண்டிலேயே தனிச்சட்டம் இயற்றியது. உலகில் இத்தகைய முன்னோடிச் சட்டங்களில் அது ஒன்று. ஆனால் சட்டம் தீர்க்க முடியாத ஒரு முடிச்சும் இருக்கிறது. மோலாவை நைக்கி எடுத்தது தவறு என்றால், நிறுவனச் சின்னத்தைக் குனாப் பெண் ரவிக்கையில் தைத்ததை என்னவென்பது? இரண்டும் ஒன்றுதான் என்று வாதிடுகிறவர்கள் உண்டு. ஒன்றல்ல. அவள் தைத்ததால் இசைத்தட்டு விற்பனை குறையவில்லை. யாருடைய பிழைப்பும் கெடவில்லை. காலணி வெளிவந்திருந்தால் லட்சக்கணக்கில் அச்சாகி, மோலா என்றாலே அந்தக் காலணி என்று ஆகியிருக்கும். கலப்பது எல்லோருக்கும் உரிமை என்று சொல்லிவிடலாம். கலந்து விற்றால் யார் கைக்குக் காசு வருகிறது, யார் பெயர் துணியில் நிற்கிறது என்று பார்த்தால்தான் நிலவரம் தெரியும்.

உள்ளிருந்தே ஒருவர் இதைச் செய்தால் எப்படி இருக்கும் என்பதற்குத் தென்னாப்பிரிக்க வடிவமைப்பாளர் லடுமா இங்கோகோலோ நல்ல சான்று. கோசா இன இளைஞர்கள் ஆண்மைச் சடங்கை முடித்து வரும்போது பழைய உடைகளைத் துறந்து, சில மாதம் கண்ணியமான புது உடையில் இருக்கவேண்டும். அதற்கு வீட்டார் வாங்கித் தருவது ஸ்காட்லாந்துச் சாய்சதுர வடிவம் போட்ட ஸ்வெட்டர்கள். கோசா சடங்குக்கு ஸ்காட்லாந்து ஸ்வெட்டர் எதற்கு என்று கேட்ட லடுமா, 2010இல் தன் பட்டப்படிப்புத் திட்டமாகவே, கோசாப் பாசிமணி வேலையின் வடிவங்களைப் பின்னலாடையில் ஏற்றினார். அதிலிருந்து வளர்ந்ததுதான் மகோசா நிறுவனம். ஸ்வெட்டர் என்ற அந்நிய உடையை அவர் தூக்கி எறியவில்லை. அது ஏற்கெனவே மரபாகிவிட்டது என்று ஒப்புக்கொண்டு அதற்குள் புகுந்தார். பெருநிறுவனம் ஒன்று காலுறையில் அவர் வடிவத்தை நகல் எடுத்தது என்ற சர்ச்சையும் 2018இல் வந்து போனது.

நகலெடுப்பதையே தலைகீழாக்கிய கதை லண்டன் ஈழத் தமிழ்ப் பாடகி எம்.ஐ.ஏ. உடையது. வெர்சாச்சி நிறுவனம் 2013இல் அவரைத் தன் இளைய முத்திரையான வெர்சஸுக்கு உடை வடிக்க அழைத்தபோது, லண்டன் தெருச் சந்தைகளில் விற்கும் போலி வெர்சாச்சித் துணிகளை மாதிரியாக வைத்து அவர் அசல் உடைகளைச் செய்தார். பெருநிறுவனத்தைத் தெரு நகலெடுத்தது. தெருவைப் பெருநிறுவனம் நகலெடுத்தது. ஏழை வீட்டுப் பிள்ளைகள் போலிச் சட்டையில் காட்டிய மிடுக்கை அவர் அருகிலிருந்து பார்த்தவர், அதனால் அது உறைத்தது.

தமிழ்நாட்டில் இந்த ஆட்டம் வடிவமைப்புக் கல்லூரியைவிடக் கடைவீதியில்தான் அதிகம் நடந்திருக்கிறது. 1980களில் நதியா வளையல், நதியா கம்மல், நதியா கொண்டை என்று ஒரு நடிகையின் பெயரில் முழு அலங்காரமே விற்றது. 2005இல் ‘சந்திரமுகி’ வந்த கையோடு சந்திரமுகிச் சேலை வந்தது. லோமேயின் துணி வியாபாரிகள் செய்ததற்கும் நம் ஜவுளிக்கடைக்காரர் செய்ததற்கும் அடிப்படையில் பேதம் இல்லை. கரகாட்டக்காரர் உடையில் ஜிகினா ஏறியபோதும் சினிமா நிறம் ஏறியபோதும் முகம் சுளித்தவர்கள், அவர்களுக்குக் கூட்டம் எங்கிருந்து வரவேண்டும் என்று யோசித்ததாகத் தெரியவில்லை.

படித்த வடிவமைப்பாளர்களோ காஞ்சிப் பட்டைத் தொட்டால் கும்பிடுகிறார்கள். கும்பிட்ட கையால் விளையாட முடியாது. எனக்கு நம்பிக்கை சுங்குடிமேல்தான். மதுரை சௌராஷ்டிரர்கள் துணியைக் கிள்ளி, நூலால் முடிந்து, சாயத்தில் போட்டு, முடிச்சவிழ்த்துப் புள்ளி எடுத்த சேலை அது. இன்று சுங்குடி என்று விற்பதில் பெரும்பங்கு அச்சும் மெழுகும். புவிசார் குறியீடு கிடைத்தும் முடிச்சுக்குக் கிடைக்கும் கூலியில் கை ஓடவில்லை. அச்சுச் சேலையைத் திட்டிப் பயனில்லை. அது மலிவு, நிறம் துள்ளுகிறது, பருத்தி உடம்புக்கு இதம். ஆனால் புள்ளியால் எதையும் வரையலாம்: கட்சிக் கொடி, கிரிக்கெட் மட்டை, நடிகர் முகம், ஷேர் ஆட்டோ. முடிச்சு போடத் தெரிந்த பெண்களிடம் இப்படியொரு வேலையைக் கொண்டுபோய், அவர்களுக்கே எதைப் போடப் பிடிக்கும் என்று கேட்டு, முந்தானை ஓரத்தில் அவர்கள் பெயரையும் புள்ளியிலேயே எழுதச் சொல்லி, சேலை விலையில் அவர்களுக்குக் கணிசமான பங்கு வைத்து ஒரு பத்துச் சேலை விற்றுப் பார்க்க யாராவது முன்வரலாம்.